துப்பாக்கியின் பேரலை மாற்றுவதற்கு முன்

கேள்வி: கனடாவில் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தன் ரெமிங்டன் 700 ரைஃபிளை எனக்கு விற்றார். .30-06 தோட்டா போடுவது. மான், மூஸ் (மிகப் பெரிய மான் வகை) இரண்டையும் வேட்டையாடப் போகிறேன். உதை தாங்க முடியவில்லை, 200 மீட்டரில் குறியும் சிதறுகிறது. பேரலை (குழலை) மட்டும் மாற்றி 6.5 கிரீட்மோர் தோட்டா போடுகிற மாதிரி ஆக்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: செய்ய முடியும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு, சுமார் 12 மில்லிமீட்டர். அதனால் உங்கள் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதியை) மாற்ற வேண்டியதில்லை. சிக்கல் நீளத்தில்தான். .30-06 முழுத் தோட்டா 85 மில்லிமீட்டருக்குக் கிட்ட வரும், கிரீட்மோர் 72தான். நீளமான தோட்டாவுக்காகச் செய்த மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) குட்டையானது முன்னும் பின்னும் ஆடும், சில சமயம் சரியாக ஏறாது, அதற்கு அடைப்பு வைக்க வேண்டியிருக்கும். போல்ட்டையும் தேவைக்கு அதிகமாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டிருப்பீர்கள். புதுப் பேரல், துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித்தின் கூலி எல்லாம் சேர்ந்தால், கிரீட்மோருக்கென்றே செய்த சாதாரண ரைஃபிள் ஒன்றின் விலையை நெருங்கிவிடும்.

சரி, அதே நீளத்துக்குள் மாறலாமே என்று கேட்பீர்கள். .270 வின்செஸ்டர் 1925-லிருந்து இருக்கிறது, .30-06 குடும்பத்துத் தோட்டாதான், போல்ட் ஓடும் இந்த ஆக்‌ஷனில் அப்படியே பொருந்தும். ஆனால் உதையில் பெரிய வித்தியாசம் இருக்காது. .25-06 இன்னும் மென்மை, மானுக்கு அருமையானது, மூஸுக்கு நான் எடுத்துப் போக மாட்டேன். அதாவது உங்களுக்கு வேண்டிய இரண்டில் ஒன்றை இழக்கத்தான் காசு கொடுப்பீர்கள்.

முதலில் எந்தக் குண்டு சுடுகிறீர்கள் என்று பாருங்கள். 180 கிரெய்ன் (குண்டின் எடைக்கான அளவு) என்றால் மானுக்கு 150 கிரெய்ன் வாங்குங்கள், உதை குறைவது தோளுக்கே தெரியும். மூஸுக்கு 165 அல்லது 180 வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், ஒவ்வொன்றுக்கும் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) ஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும். தோளில் வைக்கும் பின்கட்டை உங்கள் கைக்கு நீளமா, குட்டையா என்றும் பாருங்கள். அந்தப் பெரியவர் உங்களைவிட உயரமானவராக இருந்திருக்கலாம். அதன் முனையில் தேய்ந்து கல்லாகிப் போன ரப்பர் பேடை மாற்றினாலே பாதி வலி போகும்.

அப்புறம், ரேஞ்சில் ஒரு சோதனை செய்யுங்கள். மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்து இல்லாத ஒரு டம்மித் தோட்டாவை, எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியாமல், நண்பரைப் போடச் சொல்லுங்கள். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். டம்மி வரும்போது 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும், அந்த நொடியில் குழல் முனை சட்டென்று கீழே குத்தினால் குறி சிதறுவதற்குக் காரணம் பேரல் இல்லை, வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்குகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கோடை முழுக்கக் காலித் துப்பாக்கியில் விசையை மெதுவாக இழுத்துப் பழகித்தான் சரியானது.

இத்தனைக்கும் பிறகு மாற்றியே தீர வேண்டும் என்றால் கன்ஸ்மித்திடம் மட்டும் கொடுங்கள். பொருத்தியதும் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் பேரலில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்ப்பார்: 'கோ' என்ற அளவுக் கட்டை, அதாவது கேஜில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' கேஜில் மூடவே கூடாது. புதுத் தோட்டாவின் பெயரைப் பேரலில் பொறிக்காமல் வாங்கி வராதீர்கள். நாளைக்கு உங்கள் மகன் .30-06 ரைஃபிள் என்று நினைத்து எடுக்கக் கூடாது.

கேள்வி: என் பழைய .308 ரைஃபிளில் துல்லியம் குறைந்துவிட்டது. பேரல் தேய்ந்துவிட்டதா?

பதில்: வருஷத்துக்கு 30, 40 தோட்டா சுடுகிறவருக்குப் பேரல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. செம்பு கரைக்கும் திரவம் போட்டு ஊறவிட்டு, துணியைக் குழலுக்குள் தள்ளிப் பாருங்கள், நீலமாக வெளியே வந்தால் உள்ளே செம்பு படிந்திருக்கிறது. நீலம் வராத வரைக்கும் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஸ்கோப் மவுண்ட் திருகுகள், ஆக்‌ஷன் திருகுகள், குழல் வாயில் கீறல், எல்லாவற்றையும் பாருங்கள். அதற்கப்புறமும் சிதறினால் அதே .308-க்கே புதுப் பேரல் போடுங்கள், இப்போது வைத்திருக்கும் தோட்டாக்கள் வீணாகாது.