காதலர் தினத்துக்கு பீட்ரூட் அல்வா போதுமா?

கேள்வி: மேடம், நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 29. கல்யாணமாகி ஒன்றேகால் வருடம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்ந்து 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, ஊருக்கு அனுப்புவது, பெட்ரோல், மளிகை எல்லாம் போக 8,000 மிஞ்சும். அதில் 3,000 மனைவி பெயரில் இரண்டு வருட ஆர்டிக்கு (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போகிறது, 12 மாதம் கட்டியாயிற்று. போன பிப்ரவரி 14 அன்று ஒரு ஸ்டார் ஹோட்டலுக்குப் போனோம். பஃபே ஆளுக்கு 2,500, வரியோடு 5,900. டாக்ஸி 600, பூங்கொத்தும் சாக்லேட் பெட்டியும் 1,300. மொத்தம் 7,800-ஐயும் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். இப்போது கார்டில் 42,000 நிற்கிறது. மாதம் 2,100 மினிமம் கட்டி வருகிறேன். கடன் இருப்பது மனைவிக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. இந்த வருடம் அவளே "வீட்டிலேயே ஏதாவது செஞ்சு சாப்பிடலாம்" என்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்று தயக்கம். எவ்வளவு பட்ஜெட் வைக்கலாம்? கேக் செய்ய ஒரு ஓடிஜி அடுப்பை நோ-காஸ்ட் இஎம்ஐயில் வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: பட்ஜெட் 650 ரூபாய். ஓடிஜி வேண்டாம். கஞ்சத்தனமாகத் தெரியாது, ஏனென்றால் யோசனை சொன்னதே அவர்தான். கேட்ட மூன்றுக்கும் பதில் இவ்வளவுதான். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை உட்கார வைத்துவிட்டன. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் சாப்பாடு.

வீட்டில் சமைத்தால் செலவு குறையும் என்பது பாதி உண்மைதான். விசேஷத்துக்கென்று சமைக்கும்போது நாம் வீட்டுச் சமையலைச் செய்வதில்லை, ஹோட்டல் சமையலை வீட்டில் செய்யப் பார்க்கிறோம். பாஸ்தா, சீஸ், விப்பிங் கிரீம், ஸ்ட்ராபெரி, மாக்டெயில் சிரப், இதய வடிவில் கேக் டின், சுவரில் தொங்கவிட ஒரு சர விளக்கு. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்பில் இவற்றை வரிசையாகத் தட்டினால் 2,000 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். அப்புறம் சிரப்பில் முக்கால் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒரு வருடம் நிற்கும். என் வீட்டில் நின்றது.

அதனால் என் விதி ஒன்றே ஒன்று. உங்கள் இருவரில் யாராவது ஒருவருக்கு ஏற்கெனவே கைவந்த சமையலை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே கொஞ்சம் அழகு சேருங்கள். கோவைக்காரர்களுக்கு நான் சொல்வது பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம், அந்த ஊர்ச் சமையல். பட்டை, கிராம்பு, மசாலாப் பொடி எதுவும் தேவையில்லை என்பதால் புதிதாக ஒரு பாக்கெட்கூட வாங்க வேண்டியதில்லை. சிறிதாக நறுக்கிய கோழி, சின்ன வெங்காயம், விதையை உதிர்த்துவிட்டுக் கிள்ளிப்போட்ட வரமிளகாய், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு, கடைசியில் பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும், அவ்வளவுதான். வரமிளகாய்ச் சிவப்பே அன்றைய நாளுக்குப் பொருத்தமான நிறம்! இதற்குத் துணையாகச் சீரகச் சம்பாவில் தேங்காய்ப்பால் சாதம். சைவம் என்றால் கோழிக்குப் பதில் காளான், அடுப்பு நேரம் பாதியாகிவிடும்.

இனிப்புக்கு பீட்ரூட் அல்வா. ரெட் வெல்வெட் கேக்கில் பெரும்பாலும் கலர்ப்பொடிதான் சிவப்பு, இதில் சிவப்பு மண்ணிலிருந்தே வருகிறது. கால் கிலோ துருவி, நெய்யில் பச்சை வாசனை போக வதக்கி, பால் ஊற்றிச் சுண்டவிட்டு, நன்றாக வெந்தபிறகு சர்க்கரை போடுங்கள். முன்னாடியே சர்க்கரை போட்டால் துருவல் விறைப்பாகவே நின்றுவிடும். ஆறியதும் தட்டில் பரப்பி இதய வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். டின் எதற்கு, கத்தி போதும்.

சாக்லேட் பெட்டிக்குப் பதில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் டார்க் காம்பவுண்டு சாக்லேட் கட்டி கிடைக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது, அதனால் விலை மலிவு, உருக்கி ஊற்றினால் தானாகவே இறுகிவிடும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் மொத்தமும் மணல்போலத் திரண்டுவிடும், அதில் மட்டும் கவனம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை அதில் புரட்டி, ஸ்பூனால் சிறுசிறு குவியலாக ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். 1,300 ரூபாய்ப் பெட்டியைவிட இது நன்றாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட கட்சி.

என் பகுதி விலைக்குக் கணக்குப் போட்டேன். கோழி அரை கிலோ 130, சின்ன வெங்காயம் 20, தேங்காய் இரண்டு 70, அரிசி 40, அல்வாவுக்கு பீட்ரூட், பால், சர்க்கரை, நெய், முந்திரி எல்லாம் சேர்த்து 105, சாக்லேட் கட்டியும் கடலையும் 195, ஒற்றை ரோஜா 50. ஆக 610. சில்லறைக்கு 40 வைத்து 650. பூங்கொத்து ஏன் இல்லை என்றால், ஓசூர்ப் பக்கத்துச் சிவப்பு ரோஜா அந்த வாரம் வெளிநாட்டுக்கே பறக்கும், உள்ளூரில் விலை ஏறிவிடும். அதே பூங்கொத்து மார்ச்சில் வேறு விலை. மெழுகுவத்தியும் வாங்க வேண்டாம், கார்த்திகைக்கு வாங்கிய அகல்விளக்கு பரணில் இருக்கும், எடுத்துத் துடைத்து ஏற்றுங்கள்.

இந்தக் கணக்கில் பில் வராத ஒரு செலவு உண்டு: யார் சமைப்பது? சனி, ஞாயிறு உட்பட வருடம் முழுக்க அடுப்படியில் நிற்பவர் அன்றைக்கும் மூன்று மணி நேரம் நின்றால் உங்களுக்கு மட்டும்தான் அது விருந்து. கோழி நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது மூன்றும் உங்களுடையது. அல்வாவும் சாக்லேட்டும் முந்தின நாள் இரவே செய்துவைக்கக்கூடியவை என்பதால்தான் அவற்றைச் சொன்னேன்.

வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், 14-ஐ விட்டுவிட்டு அடுத்த வாரம் ஒரு தனி உணவகத்துக்குப் போங்கள். அங்கே ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், நீங்கள் போன மாதிரிப் பெரிய ஹோட்டலில் 18. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

ஓடிஜி பற்றி. நோ-காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லாமல் இல்லை. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டியை வங்கி உங்களிடம் வசூலிக்கிறது, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பெரும்பாலும் ஒரு பிராசசிங் கட்டணமும். மாதத் தவணை உங்கள் மினிமம் தொகையோடு வேறு சேர்ந்துகொள்ளும். கேக் வேண்டுமென்றால் பணியாரக்கல் இருக்கிறதே, கேக் மாவைக் குழிகளில் ஊற்றி மூடிவைத்துச் சிறுதீயில் வேகவிட்டால் உருண்டை கேக். இல்லையா, பக்கத்தில் வீட்டில் கேக் செய்து விற்கும் அக்கா யாரிடமாவது அரைக் கிலோ சொல்லிவிடுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஓடிஜி இப்போது ரொட்டியும் ரஸ்க்கும் எறும்பு ஏறாமல் வைக்கும் பெட்டியாக இருக்கிறது.

சரி, அந்த இரண்டு வரிகள். ஒன்று, கார்டில் 42,000, கட்டுவது மினிமம். உங்கள் கார்டின் வட்டியை நீங்கள் எழுதவில்லை, மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 1,470 வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி 265. ஆக 1,735. நீங்கள் கட்டும் 2,100-இல் கடனைக் குறைப்பது வெறும் 365 ரூபாய். அதோடு, பாக்கி நிற்கும்வரை புதிதாக எதைத் தேய்த்தாலும் அந்த நாளிலிருந்தே வட்டி ஓடும், சாதாரணமாகக் கிடைக்கும் 45, 50 நாள் சலுகை உங்களுக்கு இல்லை. அதனால் இந்த 650-ஐயும் ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுங்கள்.

இரண்டு, ஆர்டி. அதில் அசல் மட்டும் 36,000 இருக்கிறது. 6.5 சதவீதம் என்றால் அந்தத் தொகை மாதம் 195 ரூபாய் சம்பாதிக்கிறது. அதே 36,000 கார்டுப் பக்கம் வட்டியும் வரியுமாக 1,487 தின்கிறது. ஒரு கையில் 195 வாங்கி மறு கையில் 1,487 கொடுக்கிறீர்கள். வித்தியாசம் 1,292. நாம் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டோமே, அந்த விருந்து மாதத்துக்கு இரண்டு வீணாகப் போகிறது, ஒவ்வொரு மாதமும்.

ஆர்டியை முன்கூட்டியே முடித்தால் வட்டியில் ஒரு சதவீதம்போலக் குறைப்பார்கள், அது பெரிய நஷ்டமில்லை. சுமார் 37,000 கைக்கு வரும். மீதி 5,000-ஐ இந்த மாத மிச்சமான 8,000-இலிருந்து போட்டால் கார்டு மொத்தமாகத் தீர்ந்துவிடும், விருந்துக்கும் பணம் இருக்கும். மார்ச்சிலிருந்து மாதம் 7,000 வீதம் அவர் பெயரிலேயே புது ஆர்டி போடுங்கள், ஆகஸ்டுக்குள் எடுத்ததைவிட அதிகமாகவே நிரம்பிவிடும். அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காதே என்று தோன்றும். அந்த ஆறு மாதம் காலியான கார்டு லிமிட்தான் உங்கள் அவசர நிதி. எனக்கு முழுத் திருப்தியான ஏற்பாடு இல்லை, ஆனால் இப்போது இருப்பதைவிட மேல்.

சிக்கல் எங்கே என்றால், ஆர்டி அவர் பெயரில். எவ்வளவு கடன் என்று தெரியாதவரிடம் போய் உன் ஆர்டியை முடிக்கலாம் என்று கேட்க முடியாது. அதனால் 42,000 என்ற எண்ணை 14-ஆம் தேதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காபி நேரத்தில், கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டோடு சொல்லிவிடுங்கள். அகல்விளக்கு வெளிச்சத்தில் அல்வாவோடு சொல்ல வேண்டாம், அல்வாவின் அர்த்தமே மாறிவிடும். எதற்கெல்லாம் தேய்த்தது என்பதையும் மறைக்காதீர்கள், அந்த 7,800-இல் பாதிச் சாப்பாடு அவர் சாப்பிட்டதுதான், புரிந்துகொள்வார். அவர் வேண்டாம் என்றால் ஆர்டியைத் தொடாதீர்கள். ஆர்டி போக மிஞ்சும் 5,000 முழுவதையும் மாதாமாதம் கார்டில் போட்டுக்கொண்டே வாருங்கள், பத்து, பதினொரு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

அவர் சம்மதித்து மொத்தமும் கட்டிய பிறகு அடுத்த பில்லில் மறுபடி சில நூறு ரூபாய் வட்டி என்று வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். போன பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. அதையும் முழுதாகக் கட்டிவிடுங்கள், இடையில் புதிதாக எதையும் தேய்க்காமல் இருந்தால் அதற்கடுத்த பில் பூஜ்யமாக வரும்.