‘யாருடைய பை?’ என்று ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: அலுவலகக் கூட்ட அறையில் யாரோ மறந்துவிட்டுப் போன பையைப் பற்றி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘ஹூஸ் பேக் இஸ் திஸ்?’ என்பதில் ‘ஹூ’வை அடுத்து அபாஸ்ட்ரஃபி போட்டு எஸ் எழுதியிருந்தேன். மேலாளர் தவறு என்று திருத்தி அனுப்பினார். ‘ராமுவின் பை’ என்று எழுத அபாஸ்ட்ரஃபி வேண்டும். ‘யாருடைய பை’ என்று எழுத மட்டும் ஏன் கூடாது? ‘இந்த மூடி எதனுடையது?’ என்று கேட்கவும் இதே சொல்தானா?

பதில்: மேலாளர் திருத்தியது சரி. ஆனால் நீங்கள் யோசித்த விதத்தில் குற்றமில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் நாள்தோறும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு தாளில் மட்டுமே தெரியும்.

உடைமையைக் காட்டும் சொல் டபிள்யூ, எச், ஓ, எஸ், ஈ என்ற ஐந்து எழுத்துகளால் ஆனது. அதில் அபாஸ்ட்ரஃபி கிடையாது. நீங்கள் எழுதியது ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹாஸ்’ என்பதன் சுருக்கம். அங்கே அபாஸ்ட்ரஃபி உடைமையைக் காட்டவில்லை, விழுந்துபோன எழுத்துகளின் இடத்தில் நிற்கிறது. ஐயம் வந்தால் சுருக்கத்தை விரித்துப் பாருங்கள். ‘ஹூ இஸ் பேக் இஸ் திஸ்?’ என்றால் ‘யார் இருக்கிறார் பை இது?’ என்பதுபோல உளறலாகிவிடுகிறது. ஆகவே அங்கே ஈ-யில் முடியும் சொல்தான் வர வேண்டும். ‘ஹூஸ் கமிங்?’ என்பதை ‘ஹூ இஸ் கமிங்?’ என்று விரிக்க முடிகிறது. அங்கே அபாஸ்ட்ரஃபி சரி.

ராமுவுக்கு உண்டு, யாருக்கு இல்லையா என்று கேட்டீர்கள். ராமு பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் பெயர்ச்சொல்லோடு ஒட்டுகின்றன. பிரதிப்பெயர்களோ தமக்கென்று தனி உடைமை வடிவம் வைத்திருக்கின்றன: ஹிஸ், ஹெர்ஸ், இட்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ். இவற்றில் எதற்கும் அபாஸ்ட்ரஃபி இல்லை. ‘ஹிஸ்’ஸில் யாரும் அதைச் செருகுவதில்லை, ‘ஹூஸ்’ அதே வீட்டுப் பிள்ளை.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘இது யார் பை?’ என்று கேட்கிறோம். ‘உடைய’ மறைந்து நிற்கிறது. பள்ளியில் படித்த ஆறாம் வேற்றுமைத் தொகைதான். ‘யார் வருகிறார்?’ என்பதிலும் அதே ‘யார்’. அந்தப் பழக்கத்தில் ‘ஹூ பேக் இஸ் திஸ்?’ என்று எழுதும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இந்த உருபு மறையாது. எழுதுவதற்கு முன் தமிழ் வாக்கியத்தில் ‘உடைய’வைச் சேர்த்துப் பாருங்கள், சேர்ந்தால் ஈ-யில் முடியும் ‘ஹூஸ்’. ‘யாருடைய’, ‘யாருடையது’ இரண்டுக்கும் அந்த ஒரே சொல் போதும்.

சொல் வரிசையிலும் கவனம் வேண்டும். ‘இது யாருடைய பை?’ என்ற கேள்வியோடு ‘என்று தெரியுமா?’ என்று ஒட்டினாலும் தமிழில் வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். நேராகக் கேட்டால் ‘ஹூஸ் பேக் இஸ் திஸ்?’, இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் ‘டு யூ நோ ஹூஸ் பேக் திஸ் இஸ்?’. ‘இஸ்’ கடைசிக்குப் போய்விடுகிறது. மின்னஞ்சலில் இந்த இரண்டாவது வடிவம் சற்றுப் பணிவாகவும் ஒலிக்கும்.

இனி மூடி. கேள்வியாகக் கேட்கும்போது ‘ஹூஸ்’ ஆட்களைத்தான் தேடும். ‘ஹூஸ் லிட் இஸ் திஸ்?’ என்றால், மூடிக்குச் சொந்தக்காரர் யார் என்றே புரிந்துகொள்வார்கள். எந்தப் பாட்டிலின் மூடி என்று அறிய ‘விச் பாட்டில் டஸ் திஸ் லிட் பிலாங் டு?’ என்று கேளுங்கள். ‘எதனுடைய’ என்பதற்கு ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டாம். வாக்கியத்தையே மாற்றிவிடுவதுதான் வழி.

ஆனால் கேள்வியாக இல்லாமல் இரு வாக்கியங்களை இணைக்கும்போது பொருள்களுக்கும் ‘ஹூஸ்’ வரலாம். ‘கூரை ஒழுகும் வீடு’ என்பதை ‘எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’ என்று தாராளமாக எழுதலாம். அஃறிணைக்கு ஆகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூல வடிவம் ‘யார்’, ‘எது’ இரண்டுக்கும் பொதுவான உடைமை வடிவமாகவே இருந்தது.

ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் ஆசைப்பட்ட அபாஸ்ட்ரஃபி வந்துவிடும். ‘வேறு யாருடைய பையாக இருக்கும்?’ என்று கேட்கும்போது இன்றைய வழக்கு ‘ஹூ எல்ஸஸ் பேக்’. அங்கே உடைமைக் குறி ‘ஹூ’வை விட்டு ‘எல்ஸ்’ மீது ஏறிக்கொள்கிறது. எனவே ‘எல்ஸ்’ஸின் ஈ-யை அடுத்து அபாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் போட வேண்டும்.