பாதியில் எழுந்து வந்தவருக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். பெங்களூருவில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் அலுவலக நண்பர்களுடன் முதன்முறையாக ஒரு ராக் கச்சேரிக்குப் போயிருந்தேன். இரண்டாவது பாட்டில் கிடார் மட்டும் தனியாக எழுந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாட்டின் சொற்களில் பாதிகூட எனக்குப் புரியவில்லை. அறைத்தோழன் இதைப் பகட்டு என்கிறான். ஊரில் சொன்னபோது அப்பா, "கூத்துக்கு ஒரு நாள் உட்காராத பையன் அந்தக் கூச்சலுக்கு அழுதானாம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். மொழி புரியாத இசைக்கு வரும் கண்ணீர் உண்மையானதா, இல்லை கூட்டத்திடமிருந்து தொற்றிக்கொண்டதா? இரண்டு நாள் காதில் ரீங்காரம் இருந்தது. பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கடைசி மூன்று பாட்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டோம்; ஆனாலும் அதுவரை நடந்ததைக் கைபேசியில் எடுத்திருக்கிறேன், ஆறு துண்டுகளை இணைத்துள்ளேன். அடுத்து அருணாசலப் பிரதேசத்தின் ஸீரோ இசைவிழாவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். நம் மாவட்டத்தில் இப்படியோர் அனுபவத்துக்கு வழியே இல்லை என்பதுதான் வருத்தம்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் தருமபுரிக்கு வெளியே ஒரு கிராமத்தில், திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில், கர்ணன் சாகும் கர்ண மோட்சக் கூத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரவு பத்து மணிக்கு உட்கார இடமில்லை. மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தேன், ஏறத்தாழ நாற்பது பேர். மற்ற நாற்காலிகளெல்லாம் பனியில் நனைந்து கிடந்தன. அந்தக் காலி நாற்காலிகளையே நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில், "கடைசி மூன்று பாட்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டோம்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைப் படித்தேன். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் உங்கள் கேள்வி. உங்கள் கண்ணீர் உண்மையானது. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில், வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியில், சிதார் கலைஞர் ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் தபலா கலைஞர் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்தவுடனேயே கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புகிறேன் என்று ரவிசங்கர் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, எது தொடக்கம் என்பதுகூடத் தெரியாது. ஆயினும் வாசிப்பு முடிந்தபோது அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தை ஒலிப்பதிவில் கேட்டுப் பாருங்கள், அதில் பொய் கிடையாது. கூட்டத்திடமிருந்து தொற்றிக்கொண்டதா என்று கேட்கிறீர்கள். தொற்றிக்கொண்டதாகவே இருக்கட்டும், அதனால் என்ன? தொற்றிக்கொள்ளத்தானே கூட்டத்துக்குப் போகிறோம்? அறைத்தோழன் பேச்சை விட்டுவிடுங்கள். அப்பாவின் பேச்சை மட்டும் விடாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காதில் ரீங்காரம் இருந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உட்செவியின் நுண்மயிர்கள் அடிபட்டதற்கான அடையாளம் அது. அடிக்கடி அடிபட்டால் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி மைதானத்தில் 100 என்பது சர்வசாதாரணம். மருந்துக்கடையில் நுரைப்பஞ்சு அடைப்பான் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயதில் செவியைத் தொலைத்துவிட்டு அறுபது வயதில் எதைக் கேட்பீர்கள்?

நீங்கள் அனுப்பிய ஆறு துண்டுகளையும் நான் திறக்கவில்லை, திறக்கப் போவதுமில்லை.

ஸீரோவுக்குப் போய்வாருங்கள். 2012 முதல் செப்டம்பரில் அபதானி மக்களின் பள்ளத்தாக்கில் நடக்கும் விழா அது. மழை நிச்சயம், சேறு நிச்சயம். அருணாசலத்துக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் கடைசி நாளின் கடைசிக் குழு வாசித்து முடிப்பதற்குள் திரும்பிவரும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

இப்போது அந்த மூன்று பாட்டுகள்.

ஒரு கச்சேரி தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தரத்தில் ஓடுகிறது, அதில் எந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டாலும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கைபேசியில் எடுத்த துண்டுகளை நீங்கள் நம்புவதும் அதனால்தான். அப்படியல்ல. திறந்தவெளிக் கச்சேரிக்கான ஒலிப் பரிசோதனை பெரும்பாலும் பிற்பகல் வெயிலில், ஆளில்லாத மைதானத்தில் நடக்கிறது. மாலையில் பல்லாயிரம் உடல்கள் வந்து நின்றதும் அவை ஒலியை, குறிப்பாக உச்ச ஒலிகளை, உறிஞ்சிக்கொள்கின்றன. பிற்பகலில் சரியாக இருந்த எதுவும் இப்போது சரியாக இருப்பதில்லை. மைதானத்தின் நடுவில், ஒலிகளைக் கலந்து சீர்செய்யும் மிக்சர் மேசைக்குப் பின்னால் நிற்கிற அந்த மனிதர் முதல் சில பாட்டுகளில் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்கிறார். பாடகருடைய தொண்டை திறக்கவும் நேரமாகிறது. இதற்கிடையே பூமி குளிர்கிறது. பகலில் சூடான தரைக்கு மேல் ஒலி வானை நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது அதே ஒலி தரையை நோக்கி வளைந்து இறங்கும். முன்னிரவில் கேட்காத பக்கத்து ஊர்க் கூத்தின் முகவீணைக் குழல், விடியற்காலை மூன்று மணிக்கு நம் திண்ணையில் வாசிப்பதுபோலக் கேட்பது இதனால்தான். நம் முன்னோர்கள் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை, ஆனால் கர்ணன் சாவதை விடியற்காலைக்கு வைத்தார்கள்.

சென்னை சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் பக்கவாத்தியமாக அடங்கி வாசித்த மிருதங்கக்காரர் தன் பேச்சைத் தொடங்கும் கணத்தில் அவர் முகத்துக்கு நேரே முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ எனக்குப் புரிந்ததில்லை. நீங்கள் செய்ததும் அதுவே. அன்று மேடையில் இருந்தவர்கள் எந்தப் பாட்டுக்காக அந்த மாலை முழுவதையும் கட்டினார்களோ, அந்தப் பாட்டின்போது நீங்கள் காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தலில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் மாட்டுப் பண்ணையில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கி வைத்துப் பேசியவர் கோவை செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சாலைகள் அடைபட்டிருந்ததால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பெரும்புயல் அடித்து நிகழ்ச்சிகள் தள்ளிப்போக, எல்லோருக்கும் கடைசியாக வாசிக்க வேண்டிய கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் திங்கட்கிழமை காலையில்தான் மேடையேற முடிந்தது. அதற்குள் கூட்டத்தின் பெரும்பகுதி வேலைக்கும் வீட்டுக்கும் கிளம்பிப் போய்விட்டிருந்தது. தன் நாட்டின் தேசிய கீதத்தை ஒற்றைக் கிடாரில் எடுத்து, அதற்குள்ளேயே குண்டு விழும் ஓசையையும் ஓலத்தையும் அவர் எழுப்பியது எஞ்சி நின்றவர்களுக்கு முன்னால். இன்று வுட்ஸ்டாக் என்றதும் உலகம் நினைப்பது அந்தக் காலையைத்தான். அங்கே வந்திருந்தவர்களிலேயே பெரும்பான்மையோர் அதைப் பிறகு திரைப்படத்தில்தான் பார்த்தார்கள்.

நெரிசலுக்குப் பயந்தோம் என்கிறீர்கள். பயப்படுவதில் தவறில்லை. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ராஸ்கில்ட் இசைவிழாவில் ஒன்பது பேர் நசுங்கி இறந்தார்கள். ஆனால் அது நடந்தது மேடைக்கு முன்னால், பாட்டு நடந்துகொண்டிருக்கையில். அஞ்சுகிறவர் ஓரமாக நிற்கலாம், பின்னால் நிற்கலாம். முடிந்த பிறகு அரை மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தால் வாசலும் காலி, வண்டி நிறுத்துமிடமும் காலி. அவசரப்படுகிறவனுக்குத்தான் நெரிசல்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை. பாரதம் வைத்த பதினெட்டு நாளும் கோரைப்பாயும் தூக்குப்போசியில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, கர்ண மோட்சத்தன்று தூக்கம் தாங்காமல் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "அம்பு பட்டு உசுரு போகாம கெடக்கறான். நாம எந்திரிச்சுப் போயிட்டா அவன் யாரைப் பார்த்துச் சாவான்?" என்றார். நான் அழுதுகொண்டே உட்கார்ந்தேன். வானம் வெளுத்தது. அரிதாரம் வியர்வையில் கரைந்து கர்ணனின் கழுத்து வழியாக இறங்கியிருந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய புஜக்கட்டைகளில் விளக்கின் வெளிச்சம் போய் வானத்தின் வெளிச்சம் ஏறியிருந்தது. இரவெல்லாம் பாடிய குரல் உடைந்து, பாட்டுக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ நின்றது. அந்தக் குரலை எந்தக் கூத்துக்காரராலும் இரவு பத்து மணிக்குக் கொண்டுவர முடியாது. அது எட்டு மணி நேரம் பாடிய பிறகு மட்டுமே கிடைக்கிற குரல்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவர் சிரித்தது உங்கள் கண்ணீரைப் பார்த்தல்ல. அவர் உட்கார்ந்து விடிய வைத்த இரவுகளில் நீங்கள் பாதியில் எழுந்து போய்ப் படுத்ததை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். "நம் மாவட்டத்தில் இப்படியோர் அனுபவத்துக்கு வழியே இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கோடை பிறந்தால் ஊர் ஊராகப் பாரதம் நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதை அண்ணாந்து பார்த்து நிற்கும் கூட்டத்துக்கும், நீங்கள் நின்ற கூட்டத்துக்கும் இசை வேறு, சடங்கு வேறு, கடவுள் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. விடியும்வரை ஓரிடத்தில் இருக்கும் பொறுமையை உங்களுக்குக் கொடுக்க உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அவரிடம் வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது நான் அங்கே இருந்தேன். அவ்வளவு பெரிய ஹெவி மெட்டல் குழு இந்தியாவுக்கு வந்து முழுக் கச்சேரி நடத்துவது அதுவே முதல்முறை என்று எங்கும் பேச்சாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வடகிழக்கிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்த பையன்கள். குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் மேடை விளிம்பில் ஒரு காலை ஊன்றி, பேஸ் கிடாரைத் துப்பாக்கிபோலக் கூட்டத்தின் மேல் நீட்டியபோது அதன் அதிர்வு காதுக்கு முன்பாக என் நெஞ்செலும்புக்கு வந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் மேடையில் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் கிடாரின் மெட்டையே, சொல்லில்லாத வெறும் மெட்டை, மைதானம் முழுவதும் வாயால் பாடியது. சொல் புரியாமல் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று நாங்கள் பாடியதில் சொல்லே இல்லை.

என்னுடன் வந்த நண்பர் கடைசிப் பேருந்தை நினைவூட்டிக் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு அத்தையின் முதுகு நினைவுக்கு வந்தது. நண்பரைப் போகச் சொல்லிவிட்டு நின்றேன். குழு வணங்கிவிட்டு உள்ளே போன பிறகு, முரசுக்காரரின் குச்சிகளும் கிடார் மீட்டும் வில்லைகளும் கூட்டத்துக்குள் வந்து விழுந்த பிறகு, வெள்ளை விளக்குகள் எரிந்து தொழிலாளர்கள் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கிய பிறகும் ஒரு மூலையில் யாரோ அந்த மெட்டைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். மேக்ரி சர்க்கிள் வரை நடந்தேன். கிடைத்த வண்டியில் ஓசூர் வந்து சேரும்போது இரவு இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அயர்ன் மெய்டன் படம் போட்ட கறுப்புச் சட்டையுடன் ஒரு பையன் நின்றிருந்தான். எங்கள் இருவருக்குமே காது அடைத்திருந்ததால் பேசியது எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அவன் தேநீர்க் குவளையின் மேல் விரலால் தாளம் போட்டுக் காட்டினான், நான் தலையசைத்தேன். அவன் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

வீடு வந்தபோது அத்தை வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். எங்கே போயிருந்தேன், யார் பாடினார்கள், என்ன பாட்டு என்று எதையும் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைக்காமலேயே, "முடியற வரைக்கும் இருந்தியா?" என்றார். இருந்தேன் என்றேன். "அப்ப சரி, கால் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, தெளிக்காமல் விட்டிருந்த பாதி வாசலுக்குப் போனார்.

அன்புடன்