காய்ச்சல் இல்லை, எதற்கு ஆன்டிபயாடிக்?

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். காய்ச்சல் இல்லை, சளியின் நிறமும் மாறவில்லை. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதுவும் ஆறு மாதத்துக்கு. எதற்கு?

பதில்: பயப்படாதீர்கள், சீட்டில் தவறு இல்லை. இங்கே அந்த மாத்திரை செய்யும் வேலையே வேறு. நாள்பட்ட நுரையீரல் நோயில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மூச்சுக்குழாயில் வந்து குவிகின்றன. கிருமிகளுக்காக அவை கக்கும் நொதிகள் நம் திசுவையே அரித்துவிடும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் முதலான மேக்ரோலைடு மருந்துகள் இந்த அணுக்களை வரவழைக்கும் இன்டர்லூகின்-8 என்ற பொருளைக் குறைக்கின்றன. சளி ஊறுவதும் குறைகிறது.

இதை உலகுக்குக் காட்டியது ஜப்பான். அங்கே டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ் என்ற, சிறு மூச்சுக்குழாய்களைத் தாக்கும் நோய் பலரைக் கொன்றுகொண்டிருந்தது. 1980களில் டாக்டர் ஷோஜி குடோ குழுவினர் அவர்களுக்குக் குறைந்த அளவு எரித்ரோமைசினை நீண்ட காலம் கொடுத்தார்கள். நுரையீரலில் குடியேறியிருந்த சூடோமோனாஸ் கிருமியை அந்த மருந்தால் கொல்ல முடியாது. ஆனாலும் நோயாளிகள் தேறினார்கள்! 1970களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் சுமார் 63 சதவீதம். 1985க்குப் பிறகு சுமார் 91. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: அப்படியென்றால் மூச்சிரைப்பு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. நோய் திடீரென முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடும் தடவைகள் குறையும். அமெரிக்காவில் 1,142 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், தினமும் 250 மில்லிகிராம் அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 1.48 முறை நோய் முற்றியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.83 முறை. புகைப்பதை விடாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. அப்பா இன்னும் புகைக்கிறார் என்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே இருமல். மெடிக்கலில் நானே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பின் சீரை இந்த மருந்து குலைக்கக்கூடும். காது கேட்கும் திறனையும் பார்க்க வேண்டும். நான் சொன்ன ஆய்விலேயே 25 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது (வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20). சளிப் பரிசோதனை அதைவிட முக்கியம். காசநோய்க் கிருமியின் உறவினர்களான வேறு மைக்கோபாக்டீரியாக்கள் நுரையீரலில் இருந்தால், அவற்றுக்கான கூட்டுச் சிகிச்சையில் பிரதான மருந்தே அசித்ரோமைசின்தான். அதைத் தனியாகச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும். பிறகு அந்த மருந்து கைகொடுக்காது.

கேள்வி: அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் வெள்ளணுக்களைக் கட்டுப்படுத்தும் இந்த குணம் உண்டா?

பதில்: இல்லை. அது கிருமியைக் கொல்வதோடு சரி.

கேள்வி: அம்மா மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். கூடவே எரித்ரோமைசின் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எரித்ரோமைசின் ரத்தத்தில் தியோஃபிலின் அளவை ஏற்றிவிடும். வாந்தி, படபடப்பு, கைநடுக்கம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, அதற்கு மாற்றித் தரலாமா என்று கேளுங்கள்.