கொழும்பு பேரை வாவி நீரிலுள்ள சேதன (காபன் சார்ந்த) மாசை ஒளியின் உதவியோடு உடைக்க நானோ ஊக்கி ஒன்றை இறுதியாண்டு ஆய்வாகச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் துணிக்கையை எவ்வளவு சிறிதாக்கலாம் என்ற யோசனையோடு இறங்காதீர்கள். வேலை முடிந்தபின் அதைத் தண்ணீரிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். வடிவமைப்பில் பாதி அதுதான்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். மலிவு, நீரில் கரையாது. அதன் அனத்தேசு என்ற பளிங்கு வடிவத்தின் சக்தி இடைவெளி, அதாவது இலத்திரன் தாண்ட வேண்டிய சக்தித் தடை, 3.2 இலத்திரன் வோல்ற்று. சுமார் 388 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீள ஒளி பட்டால்தான் இலத்திரன் மேலே தாவும். அது விட்டுப்போன துளையிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம் என்ற தாக்கம் மிகுந்த துணிக்கைதான் மாசைக் கடித்துக் குதறுவது. கொழும்பு வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் அதில் புறஊதாவின் பங்கு 5 சதவீதமளவே. கட்புல ஒளியிலும் வேலை செய்ய வைக்க நைதரசன் சேர்ப்பார்கள், வெள்ளி ஒட்டுவார்கள். ஓராண்டு ஆய்வுக்கு அந்த வம்பு வேண்டாம் என்பது என் எண்ணம்.

சரி, தூளை நேரே தண்ணீரில் கலக்கினால் வேகம் அருமையாக இருக்கும், தலைவலி அப்புறம்தான். 20 நானோமீற்றர்த் துணிக்கை வடிதாளில் நிற்காது. மையநீக்கியில் சுற்றிய மாதிரி கண்ணுக்குப் பளிங்குபோல இருக்கும். இருட்டில் லேசர் பேனாவை அடித்துப் பாருங்கள், உள்ளே கோடு தெரிந்தால் தூள் இன்னும் மிதக்கிறது. அதோடு நிறமாலைமானியில் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவியில்) வைத்தால் வாசிப்பும் பொய் சொல்லும். காந்த இரும்பொட்சைட்டு மணிமேல் பூசி, காந்தத்தால் இழுத்தெடுக்கலாம்; ஆனால் நடுவில் சிலிக்காப் படை ஒன்று இல்லாவிட்டால் ஊக்கியின் வீரியம் போய்விடும். நான் கண்ணாடிச் சில்லில் பூசுவதன் பக்கம். மேற்பரப்புக் குறைவதால் வேகம் குறையும்தான், ஆனால் அதே சில்லைக் கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

அடுத்தது, மாசுக்குப் பதிலாகச் சோதனைக்கு எடுக்கும் சாயமான மெதிலீன் நீலம். நீலம் போய்விட்டால் மாசு போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். சாயம் ஊக்கியில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். அதனால் விளக்கைப் போடுமுன் இருட்டில் அரை மணி நேரமாவது கலக்கவிட வேண்டும். சாயம் தானே ஒளியை உறிஞ்சி ஊக்கிக்கு இலத்திரன் கொடுப்பதும் உண்டு. அதைவிடப் பரசிற்றமோல்போல நிறமற்ற ஒன்றை எடுப்பது நேர்மையான சோதனை. மொத்தச் சேதனக் காபனையும் அளக்க வேண்டும். அது குறையாவிட்டால் மூலக்கூறு துண்டாகியிருக்கிறதே தவிர, காபனீரொட்சைட்டாகப் போகவில்லை.

பேரை வாவி நீரைக் கடைசிக்கு வையுங்கள். அதிலுள்ள பச்சைப் பாசி ஒளியை மறைக்கும். கரைந்த சேதனப் பொருளும் இருகாபனேற்றும் நீங்கள் குறிவைத்த மாசுக்கு முன்னே மூலிகத்தைத் தின்றுவிடும். முதலில் காய்ச்சி வடித்த நீர், பிறகு குழாய் நீர், அதன்பின் வடிகட்டிய வாவி நீர். மூன்றிலும் வேக மாறிலி (மாசு எவ்வளவு வேகமாக உடைகிறது என்பதைக் காட்டும் எண்) எப்படி விழுகிறது என்று ஒரே வரைபில் போட்டாலே ஆய்வுக்கு ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும். காபன் அளக்கும் கருவி உங்கள் துறையில் இருக்கிறதா என்று மட்டும் தலைப்பைப் பதியுமுன் விசாரியுங்கள்.