19ஆம் நூற்றாண்டில் ஸ்டில் லைஃப் (பூ, பழம் போன்ற அசையாப் பொருள்களின் ஓவியம்) வரைந்த பெண் ஓவியர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

விக்டோரியா துபூர். பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் கணவர் பெயர் ஆன்ரி ஃபான்தான் லத்தூர் என்றால், ஓவியம் தெரிந்தவர்கள் "ஓ, அந்த ரோஜாப்பூ ஓவியரா" என்பார்கள். இந்த அம்மா வரைந்ததும் பெரும்பாலும் பூக்களும் பழங்களும்தான். வம்பே அங்கேதான்.

1840ல் பாரிசில் பிறந்தவர். அரசின் பெரிய கலைப்பள்ளியான எகோல் தே போசாரில் அப்போது பெண்களுக்கு இடம் கிடையாது, 1897ல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் ஃபானி ஷெரோன் என்ற பெண் ஓவியரிடம் படித்தார். அப்புறம் லூவர் அருங்காட்சியகம். பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து நகல் எடுக்க அங்கே பெண்களுக்குத் தடை இல்லை. அதே வேலையாக அங்கே வந்துபோன ஃபான்தானை 1860களில் சந்தித்தார். கல்யாணம் 1875ல்.

"கணவரைப் பார்த்து வரைந்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு ஆறேழு வருடம் முன்பே பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றுவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் டெகா என்ற பிரெஞ்சு ஓவியர் அவரை உட்காரவைத்து வரைந்திருக்கிறார் (இப்போது அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது). கையில் தூரிகை இல்லை. சற்று முன்னால் சாய்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, நேராக நம்மையே பார்க்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் ஓவியத்தின் மூலையில் 'வி. துபூர்' என்றுதான் கையெழுத்து.

பூ வரைவது லேசு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நானும் ஞாயிற்றுக்கிழமை ஓவியன்தான். ஒருமுறை செம்பருத்தியைப் பறித்துவைத்து உட்கார்ந்தேன். நிறம் கலந்து சரிபார்த்து முடிப்பதற்குள் சாயங்காலமாகி, பூ சுருண்டுவிட்டது. துபூர் தம்பதி கோடைக்கு நார்மண்டியில் ப்யூரே என்ற கிராமத்துக்குப் போய்விடுவார்கள். துபூருடைய மாமா வழியில் வந்த வீடு அது. அந்தத் தோட்டத்துப் பூக்களை இருவருமே வரைந்தார்கள். வாடுவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம் துபூர் வரைந்த இதழ்களில் எனக்குத் தெரிவதே இல்லை. எப்படித்தான் செய்தாரோ!

1904ல் கணவர் இறந்தார். அவர் வரைந்த எல்லாவற்றையும் தேடித் தொகுத்து 1911ல் ஒரு முழுப் பட்டியலாக வெளியிட்டவர் துபூர்தான். எவ்வளவு பொறுமை வேண்டும், சொல்லுங்கள். 1920ல் பிரான்ஸ் அரசின் லெஜியன் தோனர் விருது கிடைத்தது. 1926ல் காலமானார்.

பிரான்ஸ் பக்கம் போனால் க்ரனோபிள் அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்களைத் தேடுங்கள். அது கணவரின் சொந்த ஊர்.