எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வாட்ஸ்அப்பில் அழைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் மத்தியில் வேலை செய்யும் சிறு தன்னார்வ அமைப்பு எங்களுடையது. ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும், உலக எய்ட்ஸ் தினத்தன்று, ஊர்வலம் போகிறோம், நோட்டீஸ் கொடுக்கிறோம். ஆனால் பரிசோதனைக்கு வருபவர்கள் குறைவு. இந்த முறை ஒரு செயலி, ஒரு வாட்ஸ்அப் குழு, பெயர் பதிய ஒரு கூகுள் படிவம் என்று இறங்கலாமா என யோசிக்கிறோம். சரியாக வருமா?

பதில்: போனைக் கையில் எடுப்பது நல்ல யோசனை. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றுமே வேண்டாம்.

ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கியிருக்கும் இடத்தில் போன் ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. பாட்டுக் கேட்க ஒருவர் வாங்குவார், ஊருக்குப் பேச இன்னொருவர் வாங்குவார். அந்தத் திரையில் எச்.ஐ.வி. பெயரோடு ஒரு செயலியை யார் வைத்துக்கொள்வார்கள்? வாட்ஸ்அப் குழு அதைவிட மோசம். சேர்ந்தவுடனே ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரே ஒரு காண்ட்ராக்டர் இருந்தால் போதும், கதை முடிந்தது.

கூகுள் படிவத்தைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பெயர், போன் நம்பர், "பரிசோதனை செய்ய விரும்புகிறேன்" என்ற டிக் மார்க், இது யாரோ ஒரு தன்னார்வலரின் மின்னஞ்சலில் காலத்துக்கும் கிடக்கும். 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் 14,200 பேரின் எச்.ஐ.வி. விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. அரசுப் பதிவேட்டுக்கே அந்தக் கதி. இங்கே 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், இப்படிப்பட்ட விவரங்களை வைத்திருக்கும் அமைப்புகள் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது. உங்களால் பூட்டி வைக்க முடியாததை வாங்காமல் இருப்பதே நல்லது.

சரி, வேறு என்ன செய்யலாம்? ஒருவருக்கு ஒருவர் பேசும் வழி ஒன்று போதும். தனி நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு தொடங்குங்கள். பெயர், படம் இரண்டிலும் எச்.ஐ.வி., சிவப்பு ரிப்பன் எதுவும் வேண்டாம். "நலம் உதவி" மாதிரி ஏதாவது வையுங்கள். அந்த உரையாடலைத் திறக்கும் கியூஆர் கோடை ஸ்டிக்கராக அடித்து, ஆள் தனியாக நிற்கும் இடமாகப் பார்த்து அனுமதியோடு ஒட்டுங்கள். கழிப்பறைக் கதவின் உட்புறத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டினால் நாலு பேர் முன்னால் யாரும் ஸ்கேன் செய்ய மாட்டார்கள். ஸ்கேன் செய்ததும் தானாக வந்து நிற்கும் வாசகம் "விவரம் வேண்டும்" என்பதோடு நிற்கட்டும். அது அவர் போனிலும் பதிவாகும், மறக்க வேண்டாம். மறையும் மெசேஜ் வசதியையும் போட்டு வையுங்கள்.

பதிலில் அறிவுரை வேண்டாம். இடம், எந்தக் கட்டடம், எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, காசு கிடையாது. இவ்வளவுதான். அரசு மருத்துவமனைக்குள் நுழைந்து "எச்.ஐ.வி. டெஸ்ட் எங்கே?" என்று வழி கேட்க நேருமே என்ற கூச்சத்திலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வாசல் கேட்டிலிருந்து நம்பிக்கை மையத்தின் (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம்) கதவு வரை நடந்தபடி, நோயாளிகள் யாரும் படாமல், ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அனுமதி வாங்கி எடுங்கள். உள்ளே என்ன நடக்கும் என்பதையும் குரல் பதிவில் சொல்லிவிடுங்கள்: ஆலோசகர் தனியாகப் பேசுவார், சம்மதம் கேட்பார், கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், முதல் கிட்டில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்தால் வேறு இரண்டு கிட்களிலும் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம் என்பதால் இந்தப் பதிவு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். ராத்திரி உங்களால் பதில் சொல்ல முடியாது. அப்போது 1097 நம்பரைக் கொடுங்கள். தேசிய எய்ட்ஸ் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம்.

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு மிஸ்டு கால் நம்பர் வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2008-ல் போனில் காசு இல்லாதவர்கள் அனுப்பும் 'என்னைக் கூப்பிடு' என்ற இலவச எஸ்.எம்.எஸ்.ஸின் மிச்ச இடத்தில் எய்ட்ஸ் உதவி எண்ணைச் சேர்த்து அனுப்பினார்கள். அழைப்புகள் மளமளவென்று கூடின. நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது முதல் வாக்கியம் "இப்போ பேசலாமா?" என்பதுதான். வேறு யாராவது எடுத்தால் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுங்கள். எங்கிருந்து, எதற்கு என்ற கேள்விக்கு உங்கள் ஆட்கள் உளறாமல் இருக்க முன்கூட்டியே பேசிப் பழகட்டும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து விளம்பரம் போடுவதானால், "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா?" என்று எழுதாதீர்கள். பார்ப்பவரின் நோயைக் குறிப்பிட்டுக் கேட்கும் விளம்பரங்களை மெட்டா நிராகரித்துவிடும். மண்டை ஓட்டுப் படமும் வேண்டாம். எச்.ஐ.வி.க்கான மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய் அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது என்று சொல்லுங்கள். இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது.

உங்களுக்கு வரும் மெசேஜ்களில் ஒரு வகைக்குக் காத்திருக்க நேரமில்லை. "நேற்று ராத்திரி ஆணுறை இல்லாமல்..." என்று ஒருவர் எழுதினால், அவருக்குத் தேவை பரிசோதனைத் தேதி அல்ல. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய 28 நாள் தடுப்பு மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் மையம்) போகச் சொல்லுங்கள். அடுத்த நாளே எடுத்த டெஸ்டில் 'நெகட்டிவ்' வந்ததை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்; மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த மூன்று மாத நினைவூட்டலை அவர் சம்மதித்தால் அனுப்புங்கள், நோயின் பெயர் இல்லாமல். கென்யாவில் மருந்து எடுப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற அளவில் மட்டும் எஸ்.எம்.எஸ். போனது. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்கள் அதனால் கூடினார்கள் என்று 2010-ல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது.

முடிவை மட்டும் போனில் சொல்லவே சொல்லாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். அது ஆலோசகரின் வேலை. கம்பெனி எச்.ஆர். வழியாக லிங்க் அனுப்பும் ஆசையும் வரும், வேண்டாம். வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதை முன்பு சொன்ன எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. ஆனால் முதலாளி அனுப்பிய மெசேஜ் தொழிலாளிக்குக் கட்டளையாகத்தான் தெரியும்.

பயன் இருக்கிறதா என்று பார்க்க லைக்குகளை எண்ணாதீர்கள். ஸ்டிக்கர் பார்த்து வருபவருக்கு ஒரு அடையாளச் சொல், மிஸ்டு கால் வழியாக வருபவருக்கு வேறு ஒரு சொல் என்று வைத்து, வருபவர் விரும்பினால் அதை ஆலோசகரிடம் சொல்லட்டும். ஆலோசகர், யார் பெயரும் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். இதற்கு மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகில் முதலில் பேசிவிடுங்கள். பேசும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் ஆட்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை, மற்ற நாட்களில் ஷிப்ட் முடிய ராத்திரியாகிவிடும். மையம் திறந்திருப்பதோ பகலில். ஞாயிறு முகாமுக்கோ, நடமாடும் பரிசோதனை வண்டிக்கோ தேதி கிடைத்த பிறகு ஸ்டிக்கரை அச்சுக்குக் கொடுங்கள்.